ஆஸ்திரேலியக் குடியரசுப் பிரசாரம்: முதன்முறை களமிறங்கும் தன்னார்வலருக்கு

உற்சாகமாகப் பெயர் கொடுக்க வருபவரிடம் கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்திரேலியா குடியரசாவதற்கான பொது வாக்கெடுப்பு இப்போதைக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. 2023 அக்டோபர் 14 அன்று, பூர்வகுடி மக்களுக்கான ஆலோசனை அமைப்பை அரசியலமைப்பில் சேர்க்கும் யோசனை தோற்றது. ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வேண்டாம் என்று எழுதினார்கள். குடியரசுக்கென்று 2022இல் உருவாக்கப்பட்ட துணை அமைச்சர் பதவி 2024இல் காணாமல் போனது. தாம் பிரதமராக இருக்கும்வரை இன்னொரு வாக்கெடுப்பு நடத்தப்போவதில்லை என்று அந்தோனி அல்பனீசி 2025இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அப்படியானால் இப்போது ஏன் சேர வேண்டும்? வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்ட பிறகு மக்களிடம் பேசத் தொடங்கினால் நேரம் போதாது என்பதுதான் 1999இல் தோற்ற குடியரசு வாக்கெடுப்பின் பாடம். அறிவிப்பு வரும்போது மக்கள் மனத்தில் பாதிக் கேள்விகளுக்காவது விடை இருக்க வேண்டும். அந்த விடைகளைச் சந்தையிலும் வீட்டு வாசலிலும் கோவில் மண்டபத்திலும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த அமைதியான ஆண்டுகளில் தன்னார்வலரின் வேலை.

வாயைத் திறக்கும் முன்

அரசியலமைப்புச் சட்டத்தை முழுதும் படித்துவிட்டு வா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் சில விவரங்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் அரசுத் தலைவர் மூன்றாம் சார்லஸ் மன்னர். பிரிட்டனின் அரசராக இருப்பதாலேயே அவர் இங்கும் அரசர். அவர் சார்பில் கான்பெராவில் கவர்னர் ஜெனரல் இருக்கிறார். 2024 ஜூலை முதல் அந்தப் பதவியில் சாம் மோஸ்டின். ஆறு மாநிலங்களிலும் ஆறு ஆளுநர்கள். அன்றாட ஆட்சி முழுவதும் பிரதமர் கையில். 1986ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியா சட்டத்தோடு பிரிட்டன் நாடாளுமன்றம் இந்த நாட்டுக்குச் சட்டம் இயற்றும் உரிமை முற்றிலும் முடிந்துபோனது. ஆகவே "நாம் இன்னும் அடிமைகள்" என்று பேசாதீர்கள். அது உண்மையல்ல, கேட்பவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

மாற்றம் எப்படி வரும் என்பது அரசியலமைப்பின் 128ஆம் பிரிவில் இருக்கிறது. நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்ற வேண்டும். அதன் பிறகு இரண்டு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மிகாமல் மக்களிடம் வாக்குக்கு வர வேண்டும். நாடு முழுவதும் பெரும்பான்மை கிடைத்தால் மட்டும் போதாது. ஆறு மாநிலங்களில் குறைந்தது நான்கிலாவது பெரும்பான்மை வேண்டும். கான்பெராவும் வட ஆட்புலமும் மாநிலத் தகுதி இல்லாத ஆட்புலங்கள்; அவை நாட்டு மொத்தத்தில் மட்டுமே சேரும், மாநிலக் கணக்கில் வராது. 1901 முதல் இதுவரை 45 யோசனைகள் மக்கள்முன் வந்தன, தேறியவை எட்டு. கடைசியாகத் தேறியது 1977இல்.

இந்த எண்களை மனப்பாடம் செய்தால் ஒரு விஷயம் தானாகப் புரியும்: சிட்னியிலும் மெல்பர்னிலும் ஒத்த கருத்துள்ளவர்களோடு காபி குடித்துக்கொண்டு இந்த நாட்டைக் குடியரசாக்க முடியாது. பிரிஸ்பேன், பெர்த், அடிலெய்டு, ஹோபார்ட் ஆகிய ஊர்களில் உங்களுக்குச் சொந்தபந்தம் இருந்தால் அவர்களோடு தொலைபேசியில் பேசும் அரை மணி நேரமும் பிரசாரம்தான்.

1999இல் என்ன நடந்தது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போகிறேன். இதைப் புரிந்துகொள்ளாத தன்னார்வலர் ஒவ்வொரு உரையாடலிலும் அதே குழியில் விழுவார்.

ஆஸ்திரேலியக் குடியரசு இயக்கம் 1991இல் தொடங்கியது. எழுத்தாளர் டாம் கெனீலி அதன் முதல் தலைவர். பின்னால் பிரதமரான மால்கம் டர்ன்புல் 1993 முதல் 2000 வரை தலைமை வகித்தார். 1998 பிப்ரவரியில் கான்பெராவின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் 152 பிரதிநிதிகள் கூடி, ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள்: நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு குடியரசுத் தலைவரை நியமிக்கும், பிரதமர் நினைத்தால் அவரை உடனே நீக்கலாம்.

1999 நவம்பர் 6 அன்று அது மக்கள்முன் வந்தது. ஆதரவு 45 சதவீதம், எதிர்ப்பு ஏறத்தாழ 55. ஒரு மாநிலம்கூடத் தேறவில்லை. விக்டோரியாவில் மயிரிழையில், 49.8 சதவீதத்தில் போனது. குயின்ஸ்லாந்தில் 37 சதவீதம்தான். கான்பெரா மட்டும் 63 சதவீதத்தோடு ஆம் என்றது. ஆனால் அது மாநிலம் அல்லவே.

முடியாட்சியை விரும்பியவர்கள் மட்டும் சேர்ந்து இந்தத் தோல்வியைத் தந்திருக்க முடியாது. குடியரசு வேண்டும், ஆனால் தலைவரை நாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒரு பெரும் பகுதியும் எதிர்த்து வாக்களித்தது. மெல்பர்னின் ஃபில் கிளியரி, சிட்னியின் டெட் மேக் போன்ற சுயேச்சை அரசியல்வாதிகள் குடியரசுவாதிகளாக இருந்துகொண்டே அந்த முறையை எதிர்த்துப் பிரசாரம் செய்தார்கள். "அரசியல்வாதிகளின் குடியரசு வேண்டாம்" என்ற முழக்கம் எதிரணிக்குப் போதுமானதாக இருந்தது. அரசரைப் பற்றி அவர்கள் பேசவே வேண்டியிருக்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: அரச குடும்பத்தைக் கிண்டல் செய்து ஒரு வாக்கும் வராது. "தலைவரை யார் தேர்ந்தெடுப்பது, யார் நீக்குவது" என்ற கேள்வியில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. அரண்மனைச் செய்திகளைப் பற்றி ஆயிரம் நகைச்சுவை தெரிந்து, இந்தக் கேள்விக்கு விடை தெரியாத தன்னார்வலரை வீட்டில் இருக்கச் சொல்வதே இயக்கத்துக்கு நல்லது.

குடியரசு இயக்கம் 2022 ஜனவரியில் ஒரு புதிய யோசனையை வெளியிட்டது. ஒவ்வொரு மாநில, ஆட்புலச் சட்டமன்றமும் ஒருவரை முன்மொழியும். கூட்டாட்சி நாடாளுமன்றம் மூவர் வரை முன்மொழியலாம். இப்படி அதிகபட்சம் 11 பேர் கொண்ட பட்டியலிலிருந்து மக்கள் வாக்களித்து ஒருவரை ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். 1999இல் பிரிந்து நின்ற இரு தரப்பையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் முயற்சி இது. இது நல்ல சமரசமா, இரண்டும் கெட்டானா என்பதில் குடியரசுவாதிகளுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: இது ஓர் அமைப்பின் யோசனை, சட்டம் அல்ல. முடிந்துபோன விஷயம்போல யாரிடமும் விற்காதீர்கள்.

எங்கே சேர்வது, எதை ஏற்பது

குடியரசு இயக்கத்தின் இணையதளத்தில் பெயர் கொடுத்தால் உங்கள் பகுதியின் தன்னார்வலர் குழுவோடு தொடர்பு ஏற்படுத்துவார்கள். இயக்கம் எந்தக் கட்சியையும் சேர்ந்ததல்ல. தொழிற்கட்சியிலும் பசுமைக் கட்சியிலும் ஆதரவாளர்கள் அதிகம், லிபரல் கட்சியிலும் இருக்கிறார்கள். உங்கள் கட்சிச் சட்டையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லையென்றால் வாக்களிக்க முடியாது. ஆனால் பேசுவதற்கும் மேசை போடுவதற்கும் துண்டறிக்கை மடிப்பதற்கும் குடியுரிமை தேவையில்லை. அரசு ஊழியராக இருந்தால் உங்கள் துறையின் நடத்தை விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். அலுவலக மின்னஞ்சலை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

முதல் கூட்டத்தில் ஆர்வக்கோளாறில் எல்லாவற்றுக்கும் கை தூக்காதீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். வாக்கெடுப்புத் தேதியே இல்லாத இயக்கத்தில் மூன்று வாரம் ஓடிவிட்டு மறைந்துபோகிறவரைவிட, மாதம் ஒரு காலை தவறாமல் வருகிறவரைத்தான் அமைப்பாளர்கள் கொண்டாடுவார்கள். கூட்டத்தின் தொடக்கத்தில் அந்த நிலத்தின் பூர்வகுடி மக்களுக்கு மரியாதை சொல்வார்கள். அது வெறும் சடங்கு என்று நினைத்துக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

சந்தையில் மேசை

புதியவருக்கு ஏற்ற முதல் வேலை இதுதான். மக்கள் தாமாக அருகில் வருகிறார்கள். நீங்கள் யார் வீட்டு மணியையும் அடிக்க வேண்டியதில்லை.

இடத்துக்கு அனுமதி வேண்டும். ஊராட்சிச் சந்தை என்றால் நகர மன்றத்திடம் அல்லது சந்தை நடத்துபவரிடம், வணிக வளாகம் என்றால் அதன் நிர்வாகத்திடம். பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்பார்கள். அது அமைப்பின் பெயரில் இருக்கும்; பொறுப்பாளரிடம் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: மடக்கு மேசை, காற்றில் தாள் பறக்காமல் இருக்க நாலு கூழாங்கல், பிடிப்பான் வைத்த எழுதுபலகை இரண்டு, பேனா ஆறு (மூன்றுதான் திரும்பி வரும்), தொப்பி, வெயில் களிம்பு, தண்ணீர். மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்காராதீர்கள். உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் பேச வருவதில்லை. மேசைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

பெயர் எழுதும் தாளில் பெயர், அஞ்சல் எண், மின்னஞ்சல் ஆகிய மூன்று கட்டங்கள் போதும். நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: "தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்க விரும்புகிறீர்கள்?" அங்கே அவர் எழுதும் ஒற்றை வரி, மற்ற மூன்று கட்டங்களைவிட மதிப்புள்ளது. எழுதி முடித்த தாளை மேசையில் விரித்து வைக்காதீர்கள். அடுத்து வருபவர் முன்னவரின் முகவரியைப் படித்துக்கொண்டிருப்பார். நிறைந்த தாள் உடனே உறைக்குள் போக வேண்டும். இன்னொன்று: நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் மனுவுக்குத் தனி வடிவம் உண்டு. நீங்கள் வைத்திருப்பது தொடர்புப் பட்டியல் மட்டுமே. "இதில் கையெழுத்துப் போட்டால் கான்பெராவுக்குப் போகும்" என்று சொல்லிவிடாதீர்கள்.

பேச்சைத் தொடங்கக் கடவுச்சீட்டைப்போல நல்ல கருவி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டைத் திறந்தால், அதைக் கொண்டுவருபவருக்குத் தடையின்றி வழிவிடுமாறு கவர்னர் ஜெனரல் கேட்டுக்கொள்ளும் வாசகம் இருக்கும். அதில் அவர் மன்னரின் (பழைய சீட்டுகளில் அரசியின்) பிரதிநிதி என்று தெளிவாக எழுதியிருக்கும். பத்து ஆண்டுகளாகக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள்கூட அதைப் படித்திருப்பதில்லை. உங்களுடையதன் நகலைப் பெயர், எண் தெரியாமல் மறைத்து, உறையில் போட்டு மேசையில் வையுங்கள். அதே கையோடு குடியுரிமை உறுதிமொழியையும் நினைவூட்டலாம்: 1994 முதல் புதிய குடிமக்கள் ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும் விசுவாசம் சொல்கிறார்கள், அரசருக்கு அல்ல. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் நாடாளுமன்ற உறுப்பினர் இன்றும் அரசருக்குத்தான் உறுதிமொழி எடுக்கிறார். இதைச் சொன்னதும் புருவம் உயராத முகம் அபூர்வம்.

வீட்டு வாசலில்

மேசையில் நாலைந்து முறை நின்று பழகிய பிறகு இதற்கு வாருங்கள். எப்போதும் இருவராகப் போக வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன் மணி அடிக்காதீர்கள். இருட்டிய பிறகும் வேண்டாம். கதவு தட்டாதீர் என்று பலகை இருந்தால் அடுத்த வீடு. படலைத் திறப்பதற்கு முன் தாழ்ப்பாளைச் சத்தமாக ஆட்டுங்கள். நாய் இருந்தால் அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். மணி அடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நில்லுங்கள்.

உரையாடலில் இரண்டே கேள்விகள். "ஆஸ்திரேலியாவின் அரசுத் தலைவராக ஓர் ஆஸ்திரேலியர் இருந்தால் உங்களுக்குச் சம்மதமா?" பெரும்பாலோர் ஆமாம் என்றோ, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்றோ சொல்வார்கள். அடுத்து, "அவரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். புதிய தன்னார்வலர்களுக்கு மிகக் கடினமான பகுதி இந்த மௌனம்தான். அவர் யோசிப்பார், ஏதாவது சொல்வார். சொன்னதை மறுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

பிடிவாதமான முடியாட்சி ஆதரவாளர் வந்தால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள். எலிசபெத் அரசி 2022 செப்டம்பரில் இறந்தபோது உண்மையாகவே கண்ணீர் விட்டவர்கள் பல தெருக்களில் இருக்கிறார்கள். அந்த மனிதரை வாதத்தில் வென்று உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருடைய அண்டை வீட்டுக்காரருக்கு உங்கள் குரல் கேட்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

வரும் கேள்விகள்

காமன்வெல்த்திலிருந்து வெளியேற்றிவிடுவார்களா? மாட்டார்கள். இன்று அதிலுள்ள 56 நாடுகளில் 36 குடியரசுகள். இந்தியா குடியரசாகிக்கொண்டே அதில் நீடிக்க 1949இன் லண்டன் பிரகடனம் வழி திறந்தது. 2021 நவம்பர் 30 அன்று குடியரசான பார்படோஸும் உள்ளேதான் இருக்கிறது. காமன்வெல்த் விளையாட்டுகளுக்கும் ஒன்றும் ஆகாது.

கொடி மாறுமா? கொடி வேறு சட்டம், 1953ஆம் ஆண்டின் கொடிச் சட்டம். குடியரசு ஆவதால் அது தானாக மாறாது. கொடியைப் பற்றி உங்கள் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் மேசையில் அதை எடுக்காதீர்கள்.

அரசர் பிறந்தநாள் விடுமுறை போய்விடுமா? சிரிக்க வேண்டாம், இது உண்மையாகவே கேட்கப்படும் கேள்வி. சார்லஸ் பிறந்தது நவம்பர் 14; பெரும்பாலான மாநிலங்களில் விடுமுறை வருவது ஜூன் மாதத்தில். பிறந்தநாளுக்கும் விடுமுறைக்கும் ஏற்கெனவே தொடர்பு இல்லை. விடுமுறைகளை முடிவு செய்வது மாநிலங்கள்.

விசா, குடியுரிமை, ஓய்வூதியம்? எதுவும் மாறாது.

இப்போது என்ன கெட்டுவிட்டது? இதற்குத் தயாராகப் போங்கள். பொய்யான அவசரம் காட்டாமல், எதுவும் எரிந்துகொண்டிருக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு 1975 நவம்பர் 11ஐச் சொல்லலாம். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் கஃப் விட்லமை, யாரும் தேர்ந்தெடுக்காத கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பதவி நீக்கினார். கெர் அரண்மனையோடு நடத்திய கடிதப் போக்குவரத்து 2020இல்தான், வரலாற்றாசிரியர் ஜென்னி ஹாக்கிங் உயர் நீதிமன்றம்வரை போராடி வென்ற பிறகு, வெளிவந்தது. ஆஸ்திரேலிய வரலாற்றின் ஓர் அத்தியாயத்தைப் படிக்க ஆஸ்திரேலியர்கள் 45 ஆண்டு காத்திருந்தார்கள். ஆனால் இங்கே கவனம்: குடியரசுத் தலைவருக்கும் இதே அதிகாரம் எழுதாமல் விடப்பட்டால் இதே சிக்கல் மீண்டும் வரும். அதிகாரங்களைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் வாதம். குடியரசானால் எல்லாம் சரியாகும் என்பதல்ல.

செலவு? ஆகும். ஆகாது என்று சொல்லாதீர்கள்.

பூர்வகுடி மக்களுக்கு இதில் என்ன? இந்தக் கேள்வியைப் பூர்வகுடி ஒருவரே கேட்டால் பதில் சொல்ல முந்தாதீர்கள். 2023இன் வலி ஆறவில்லை. நிலம் பற்றிய கணக்கைத் தீர்க்காமல் அரசரை மட்டும் மாற்றி என்ன பயன் என்பது நியாயமான கேள்வி. 2024 அக்டோபரில் சார்லஸ் கான்பெரா வந்தபோது செனட்டர் லிடியா தோர்ப் அவர் முகத்துக்கு நேரே எழுப்பிய குரலும் அதுதான். கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் துண்டறிக்கையில் அதற்கு விடை இல்லை.

தமிழர் வீடுகளில்

2021 கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழ் பேசுவோர் இங்கே 95 ஆயிரத்துக்கும் மேல். சிட்னியின் பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் போனால் கடைப் பலகைகளே சொல்லும். எல்லோரும் தமிழர்தானே, ஒரே பேச்சுப் போதும் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். குடியரசு என்ற சொல் ஒவ்வொரு வீட்டிலும் வேறொரு நினைவைக் கிளப்பும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு ஜனவரி 26, கொடியேற்றம், பள்ளியில் மிட்டாய். (இங்கே அதே தேதி ஆஸ்திரேலியா தினம், பூர்வகுடி மக்கள் பலருக்குத் துக்க நாள். வேறு விதமாகக் கொதிக்கும் தேதி, அந்த நாளில் மேசை போடாதீர்கள்.) அவர் ஆளுநர் பதவியைப் பற்றித் திட்டவட்டமான கருத்து வைத்திருப்பார். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்ற அண்ணாவின் பேச்சு உங்கள் வாய்க்கு முன்னால் அவர் வாயில் வந்துவிடும். விட்லம் நீக்கப்பட்டு மூன்று மாதம் ஆகும் முன், 1976 ஜனவரி 31 அன்று, கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டதை வயதானவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். கலைத்தது ஒரு குடியரசுதான் என்பதை அவரே சுட்டிக்காட்டக்கூடும். அதை மறுக்காமல், அதிகாரத்தை எழுதிவைப்பது பற்றிய பேச்சுக்கு அங்கிருந்தே போகலாம்.

ஈழத்திலிருந்து வந்த பெரியவரிடம் இன்னும் நிதானம் வேண்டும். 1972 மே 22 அன்று இலங்கை குடியரசானது. அதுவரை சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடான சட்டம் இயற்றக் கூடாது என்று தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அத்தோடு போனது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையிலிருந்து முந்திய ஆண்டிலேயே வெளியேறியிருந்தது. தந்தை செல்வா 1972 அக்டோபரில் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்தார். இந்த வரலாற்றோடு வாழ்ந்தவர் வாசலில் நின்று,

"குடியரசு வந்துதான் தம்பி எங்களுக்கு இருந்ததும் போனது. இங்கேயும் அதைக் கொண்டுவரப் பார்க்கிறீர்களா?"

என்று கேட்டால் அது அறியாமையல்ல, அனுபவம். "இது வேறு நாடு, ஐயா" என்று தட்டிக்கழிக்காதீர்கள். அவரிடம் சொல்ல நேர்மையான பதில் ஒன்று உண்டு. அங்கே அவையில் பெரும்பான்மை வைத்திருந்தவர்கள் புதிய அரசியலமைப்பையே எழுதிக்கொண்டார்கள். மக்களிடம் வாக்கெடுப்பு நடக்கவில்லை. இங்கே வாசகம் ஒவ்வொன்றும் வெளியிடப்பட்டு, நான்கு மாநிலங்களின் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லும் மாறாது. எந்த வாசகம் போகிறது, எது வருகிறது என்று ஐயாவே படித்துப் பார்த்து முடிவு செய்யலாம். சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்துங்கள். இப்படிப் பேசியவர்கள் வாக்கெடுப்பு வரும்போது மசோதாவை வரிவரியாகப் படிப்பார்கள்; அப்படிப்பட்ட ஒருவர் தெருவில் இருப்பது எந்தத் துண்டறிக்கையைவிடவும் மேல்.

சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களிடம் வேலை எளிது. அங்கே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிபரும் இருக்கிறார், ஆட்சி நடத்தும் பிரதமரும் இருக்கிறார். 2023இல் தர்மன் சண்முகரத்னம் 70 சதவீத வாக்கு வாங்கி அதிபரானதற்காக நாடு இரண்டுபடவில்லை. மலேசியத் தமிழருக்கோ ஒன்பது ஆட்சியாளர்களுக்குள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு பழக்கம். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசர் என்பதையே பார்த்தவர். எதைச் சொன்னாலும் மிரளமாட்டார்.

ஒரு நடைமுறைச் சிக்கல்: நம் வீடுகளில் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பார்கள். ஒரு தெருவில் மூன்று தமிழ் வீடு இருந்தால் அன்றைய வேலை முடிந்தது. தெருவின் கடைசியில் அந்த வீடுகளை வைத்துக்கொள்ளுங்கள். கோவில், தமிழ்ச் சங்கம், தமிழ்ப் பள்ளி ஆகிய இடங்களில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். மறுத்தால் அன்றே விட்டுவிடுங்கள். தமிழில் துண்டறிக்கை போட்டால் யாழ்ப்பாணத்தார் ஒருவரும் தமிழ்நாட்டார் ஒருவரும் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்குப் போகட்டும்.

தொகுதி உறுப்பினருக்குக் கடிதம்

அமைப்பு தரும் மாதிரிக் கடிதத்தை அப்படியே அனுப்பினால் உறுப்பினரின் அலுவலகத்தில் அது மற்ற நூறோடு சேர்ந்து ஒரே பதிலைப் பெறும். ஐந்தாறு வரி, உங்கள் சொந்தச் சொற்களில், தொகுதி முகவரியோடு எழுதுங்கள். ஒரே ஒரு கேள்வி: "குடியரசு பற்றிய வாக்கெடுப்பை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?" பதில் மழுப்பலாக வந்தால் பதினைந்து நிமிடச் சந்திப்புக் கேளுங்கள். மூன்று பேராகப் போய், ஒருவர் பேசி, ஒருவர் குறிப்பெடுத்தால் போதும்.

2017இல் இரட்டைக் குடியுரிமை வழக்கில் பலர் பதவி இழந்த கதை உறுப்பினர்களுக்கு நன்றாகவே தெரியும். அப்பா நியூசிலாந்தில் பிறந்தவர் என்பதால் அன்றைய துணைப் பிரதமர் பர்னபி ஜாய்ஸுக்கே நாற்காலி போனது. 44ஆம் பிரிவு அந்நிய விசுவாசத்தை அவ்வளவு கண்டிப்பாகத் தடுக்கிறது. அதே அரசியலமைப்பு, அரசுத் தலைவர் வேறொரு நாட்டின் அரசராக இருப்பதை அனுமதிக்கிறது. வாசலில் இது சட்ட வகுப்பாகிவிடும். அலுவலக மேசையில் நன்றாக எடுபடும்.

வாக்கெடுப்பு என்று ஒன்று வந்தால்

அப்போது விதிகள் இறுகும். அச்சிட்ட தாள் ஒவ்வொன்றிலும் அங்கீகரித்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வீட்டில் அச்சடித்த தாளைக் கொண்டுவந்து கொடுக்கும் வேலை கூடாது. வாக்குச்சாவடி வாசலிலிருந்து ஆறு மீட்டருக்குள் பிரசாரம் கிடையாது. சாவடி ஊழியர் கோட்டைக் காட்டினால் ஓரடி கூடுதலாகவே தள்ளி நில்லுங்கள். காலை எட்டு மணி முதல் மாலை ஆறு வரை நிற்கப் பத்து மணி நேரம். இரண்டு இரண்டு மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எதிரணித் தன்னார்வலரோடு தொத்திறைச்சிக் கடை வரிசையில் சேர்ந்து நிற்பது இந்த ஊர் வழக்கம். முகத்தைத் திருப்பிக்கொள்பவர்தான் விநோதமாகத் தெரிவார்.

வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரோ எண்களோ இருக்காது. ஒரு பெட்டி இருக்கும். அதில் யெஸ் அல்லது நோ என்ற ஆங்கிலச் சொல்லை முழுதாக எழுத வேண்டும். 2023இல், சரிக்குறி போட்டால் ஆதரவாக எண்ணப்படக்கூடும், பெருக்கல் குறி போட்டால் எண்ணவே படாது என்று தேர்தல் ஆணையம் சொன்னது பெரிய சர்ச்சையானது. முதன்முறை வாக்களிக்கும் பெரியவர்கள் இந்தியாவிலோ இலங்கையிலோ பழகிய கையோடு குறி போட்டுவிடுவார்கள். எந்தப் பக்கம் வாக்களித்தாலும் சொல்லாக எழுதச் சொல்லுங்கள். வாக்களிப்பு கட்டாயம் என்பதால் புதிதாகக் குடியுரிமை எடுத்தவர்களின் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்பதையும் தேதி அறிவித்த வாரத்திலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள். பட்டியல் மூடிய பிறகு உங்களாலோ அமைப்பாலோ ஒன்றும் செய்ய முடியாது.